ஒரு வாய் இறைச்சி

சால்வோ பூவோட வந்து நிண்டார். பூ எனக்காம்!

ஆறு வருசமா அவற்றை தகப்பனைப் பாக்கிறன், கடைசி ஆறு மாசமாக் கழுவித் துடைச்சு, தூக்கி இருத்தி, படுக்க வைச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் "அகஸ்ரீனா, சாப்பிட்டியளோ" எண்டு கேட்டிருப்பாரோ? கேக்கேல்லை. வடக்கிலை தொறினோ நகரத்திலை இருந்து நத்தார்ப் பெருநாளுக்கு மட்டும் வந்து, மூண்டு நாள் நிண்டு, போனைத் தடவிக்கொண்டு இருந்திட்டுப் போற மனுசன். இந்த முறை நத்தாருக்கு வந்திட்டுப் போய் மூண்டு கிழமைகூட ஆகேல்லை. வியாழக்கிழமை பின்னேரம் திரும்பி வந்து வாசல்லை நிக்கிறார், கையிலை மஞ்சள் பூ. வாங்கி மேசையிலை வைச்சிட்டு ஆளை மேலையும் கீழையும் பாத்தன்.

நான் மன்னார், பேசாலை. இத்தாலியிலை பலெர்மோவுக்கு வந்து பதினேழு வருசம். இஞ்சை சீசா எண்ட பகுதியிலை நாலாம் மாடி வீடொண்டிலை கஸ்பாரே எண்ட எண்பத்திமூண்டு வயசு மனுசனைப் பராமரிக்கிறது என்ரை வேலை. அந்த வீட்டிலையேதான் எனக்குப் படுக்கையும். அவர் முந்திச் சிற்றி பஸ் ஓட்டினவர். நல்ல மனுசன், ஆனா பிடிச்ச பிடி விடாத ஆள். போன ஆடி மாசம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து போச்சு. பேச்சும் போச்சு. ஏதும் சொல்லவேணும் எண்டால் இடக்கையாலை ஒரு கொப்பியிலை கோணல் மாணலா எழுதிக் காட்டுவார்.

அதெல்லாத்தையும் விட மோசம் தொண்டை. விழுங்க ஏலாது. ஆஸ்பத்திரியிலை இருந்து கூட்டிக்கொண்டு வரேக்கை டொக்டர் மனிசி என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவ: "எல்லாத்தையும் அரைச்சுக் கூழாக்கித்தான் குடுக்கவேணும். ஒரு துண்டு இறைச்சி பிரக்கடிச்சு மூச்சுக்குழாய்க்குள்ளை போனால் காணும், அம்புலன்ஸ் வாறதுக்குள்ளை முடிஞ்சிடும்." அவ எழுதித் தந்த பேப்பரை பிரிட்ஜிலை ஒட்டி வைச்சிருக்கிறன். ஆறு மாசமா ஒரு பருக்கை பிசகேல்லை. என்னை ஆரும் ஒரு சொல்லுச் சொல்ல ஏலாது.

அப்பிடி இருக்க சால்வோ சொல்லுறார், "ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தோத்தோ கடைக்குக் கூட்டிக்கொண்டு போறம். நீங்களும் எங்களோட இருந்து சாப்பிடவேணும்."

தோத்தோ கடை எண்டால் எங்கடை தெருமூலையிலை இருக்கிற பழைய வைன் கடை. கிழமை நாளிலை போனால் வைன், அவிச்ச முட்டை, ஒலிவ் காய், சீட்டு விளையாடுற கிழவங்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோத்தோ பின்வளவு விறகுப் போறணையை மூட்டுவார். ஆட்டுக்குட்டித் தொடையை உருளைக்கிழங்கு, உள்ளியோட விடியவே உள்ளுக்குத் தள்ளினால் மத்தியானம்தான் வெளியிலை எடுக்கிறது. அதுக்காக எங்கையெங்கை இருந்தெல்லாம் சனம் வரும். கஸ்பாரே நாப்பது வருசம் ஒரு ஞாயிறும் விடாமல் போன ஆள். யன்னலோரம் அவருக்கெண்டே ஒரு கதிரை. வாதம் வந்த பிறகு ஒரு நாளும் போகேல்லை. ஞாயிறு பதினொரு மணிக்கு அந்த மணம் மேலை ஏறி வரேக்கை நான் பல்கனிக் கதவைச் சாத்திவிடுவன். சாத்தினாலும் அவர் கதவையே பாத்துக்கொண்டு இருப்பார்.

"உங்களுக்கென்ன விசரோ?" எண்டு கேக்க வாய் உன்னிச்சுது. அடக்கிக்கொண்டு, "டொக்டர் எழுதினதை நீங்கள் வாசிக்கேல்லையோ, சிஞ்ஞோர் சால்வோ?" எண்டு கேட்டன்.

அவர் பிரிட்ஜடிக்குப் போய் அந்தப் பேப்பரை மேலையிருந்து கீழைவரை ஆறுதலா வாசிச்சார். பேந்து போனை எடுத்து அதைப் படம் பிடிச்சார். திரும்பி என்னைப் பாத்து, "அப்பாவுக்கு ஆர் சாப்பாடு தீத்திறது? எப்பவும் நீங்கள்தானோ?"

"ஓம். வேறை ஆர் இருக்கினம்?"

"நல்லது," எண்டார்.

அந்த "நல்லது" எனக்கு ஒரு சதத்துக்கும் பிடிக்கேல்லை.

வெள்ளிக்கிழமை கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தர் பையோட வந்தார். அவரோட ஒரு கண்ணாடிக்காரி. கஸ்பாரேயின்ரை அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம். நான் கோப்பி கொண்டுபோய்த் தட்டினால் சால்வோ கதவை அரைவாசி திறந்து வாங்கிக்கொண்டு திரும்பச் சாத்துறார். கடைசியிலை என்னைக் கூப்பிட்டு, "உங்கடை அடையாள அட்டையை ஒருக்காத் தாங்கோ" எண்டினம். குடுத்தன். அந்தக் கோட்டுக்காரர் என்ரை பேரைப் பாத்துப் பாத்து எழுதினார். கஸ்பாரே கட்டிலிலை இருந்து என்னைப் பாக்காமல் சுவரைப் பாத்துக்கொண்டிருந்தார்.

அண்டைக்குக் குசினிக் கதவைச் சாத்திப்போட்டு கிளறாவுக்குப் போன் அடிச்சன். கிளறாவும் பேசாலைதான், மொண்டெல்லோவிலை ஒரு வீட்டிலை வேலைக்கு நிக்கிறாள். நான் சொல்லி முடிக்கவே விடேல்லை.

"அக்கா, உங்களுக்குக் கண்ணில்லையே? வீட்டை விக்கப்போறாங்கள். கிழவர் இருக்கும் மட்டும் விக்க ஏலாது. இறைச்சியை உங்கடை கையாலை தீத்த வைச்சு, அவருக்கு ஒண்டு நடந்தால் பழி ஆருக்கு? உங்கடை பேரை எதுக்கு எழுதினவங்கள்? கேஸ் எண்டு வந்தால் பெர்மெசோ விசாவும் போச்சு, ஆளும் உள்ளுக்கை."

"பெத்த தகப்பனை ஒருத்தன் அப்பிடிச் செய்வானோடி?"

"எங்கடை ஊரிலை காணி உறுதி தேடி வெளிநாட்டிலை இருந்து வந்து இறங்கினவையைக் காணேல்லையே நீங்கள்? அவையும் பூவோடையும் சொக்லேற்றோடையும்தான் வந்தவை."

அது உண்மைதானே. கண்டனான், ஒண்டில்லை, நாலைஞ்சு பேரை. மாதாவே, எனக்கு அண்டு முழுக்க நித்திரை இல்லை.

சனிக்கிழமை கஸ்பாரேக்குச் சவரம் எடுக்கேக்கை கேட்டன், "நாளைக்குத் தோத்தோ கடைக்குப் போக விருப்பமோ?" ஓம் எண்டு தலையாட்டினார். கோணின வாயாலை சிரிச்சார். கொப்பியை இழுத்துக் கறுப்புச் சூட் வேணும் எண்டு எழுதினார். அந்தச் சூட் அவர் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும் போடுறது. பாவம், மகன்ரை எண்ணம் தெரியாமல் சந்தோசப் புழுகத்திலை நிக்கிறார் எண்டு நினைச்சு எனக்குக் கண் கலங்கிப் போச்சு. நானும் ஒரு முடிவெடுத்தன். பூசணிக்காயும் கோழியும் அரைச்சுக் கூழாக்கிப் பிளாஸ்க்கிலை விட்டு, என்ரை பைக்குள்ளை சால்வைக்குக் கீழை ஒளிச்சு வைச்சன். வாறது வரட்டும், கட்டித் துண்டு ஒண்டும் என்ரை கையாலை அந்த வாய்க்குள்ளை போகாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சில்லுக்கதிரையைத் தள்ளிக்கொண்டு கடைக்குள்ளை போனம். வழமையா அந்த நேரம் உள்ளுக்கை காது குடுக்க ஏலாது. ரீவியிலை பந்து, சனம் கத்தும், கிளாஸ் உடையும். அண்டைக்கு ரீவி நிப்பாட்டியிருக்கு. சீட்டுக்கட்டு மூடிக்கிடக்கு. நாங்கள் உள்ளுக்கை போன உடனை இருந்த ஆக்கள் எல்லாம் எழும்பி நிண்டவை.

பிறகு ஒவ்வொருத்தரா வந்தினம். குனிஞ்சு கஸ்பாரேயின்ரை ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சிப்போட்டு, விலகி அடுத்த ஆளுக்கு வழி விட்டினம். செத்த வீட்டிலை பெட்டியடிக்கு வரிசையா வாறமாதிரி. அவரோட பஸ் ஓட்டின ஒரு கிழவர் அவற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அழுது முடிச்சு என்ரை தோளிலை தட்டி, "தைரியமா இரு, சிஞ்ஞோரா" எண்டார்.

எனக்கேன் தைரியம்? எனக்கு என்ன நடக்கப்போகுது? பைக்குள்ளை கையை விட்டுப் பிளாஸ்க் இருக்கோ எண்டு தொட்டுப் பாத்தன். இஞ்சை எல்லாருக்கும் ஏதோ தெரியும், எனக்கு மட்டும் தெரியாது எண்டு அப்பத்தான் விளங்கிச்சுது.

சால்வோ எனக்குக் கதிரை இழுத்துவிட்டார். தகப்பனுக்குப் பக்கத்திலை. தான் எதிரிலை இருந்தார். தோத்தோ குசினியிலை இருந்து தானே பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொடை இறைச்சி, தோல் மண்ணிறமா முறுகி, கொழுப்பு இன்னும் கொதிச்சுக்கொண்டு, சுத்திவர உருளைக்கிழங்கு. அதைக் கஸ்பாரேக்கு முன்னாலை வைக்கேல்லை. எனக்கு முன்னாலை வைச்சார். வைச்சிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு பின்னாலை போய் நிண்டார்.

ஒருத்தரும் சாப்பிடேல்லை. முழுச் சனமும் என்ரை கையைப் பாத்துக்கொண்டிருக்குது.

"அகஸ்ரீனா," எண்டு சால்வோ மெல்லச் சொன்னார். "நத்தாருக்கு வந்து நிக்கேக்கை அப்பா எனக்கு இதை எழுதித் தந்தவர்."

கொப்பித் தாள் ஒண்டை மேசையிலை விரிச்சார். கஸ்பாரேயின்ரை எழுத்துத்தான். தோத்தோ கடை. ஞாயிறு. இறைச்சி. அகஸ்ரீனா கையாலை.

"உங்களிட்டையும் கேட்டவராம். நீங்கள் தாளைக் கிழிச்சுப்போட்டு ஏசினியளாம்."

கிழிச்சனான்தான். இறைச்சி எண்டு எழுதிக் காட்டினார். கண்டறியாத ஆசை எண்டு பேசிப்போட்டுக் கிழிச்சுக் குப்பையிலை போட்டனான்.

"அவருக்கு எல்லாம் தெரியும். பிரக்கடிச்சால் என்ன நடக்கும் எண்டு வெள்ளிக்கிழமை வந்த அந்தக் கண்ணாடிக்கார டொக்டர் ஒளிக்காமல் சொல்லிட்டா. அப்பிடி இருந்தும் வேணுமாம். என்ரை கை நடுங்குது, நான் தீத்தினால் அவருக்குப் பயம். உங்கடை கையிலைதான் அவருக்கு நம்பிக்கை." அந்தப் பெரிய மனுசன், சனத்துக்கு நடுவிலை, கண்ணீர் ஒழுக ஒழுக இருக்கிறார். "உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது. இதை நொத்தாரிசிட்டைச் சட்டப்படி எழுதுவிச்சிருக்கிறன்."

அந்தக் கோட்டுக்காரர் எழுதின பேப்பரை எனக்கு முன்னாலை வைச்சார். மூண்டு பக்கம். முத்திரை, கையெழுத்து. இத்தாலிச் சட்டப் பாசை. அதிலை எனக்கு விளங்கினது ஒண்டே ஒண்டுதான், என்ரை பேர். நாலு இடத்திலை.

எங்கடை ஊரிலையும் இது நடக்கிறதுதான். உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிற ஆக்களிட்டை என்ன சாப்பிட மனம் எண்டு கேட்டுக் குடுக்கிறனாங்கள். என்ரை மாமனாருக்கு நானே கள்ளைப் பஞ்சிலை தோய்ச்சு வாயிலை விட்டனான். ஆனால் அது ஊர். அங்கை என்ரை பேரை ஆரும் முத்திரை குத்தின பேப்பரிலை எழுதேல்லை. கஸ்பாரே இழுத்துக்கொண்டும் கிடக்கேல்லையே! சவரம் எடுத்து, சூட் போட்டுக்கொண்டு, கண்ணாலை சிரிச்சுக்கொண்டு எனக்குப் பக்கத்திலை இருக்கிறார்.

அதுக்குப் பிறகு நான் செய்ததைப் பயத்திலைதான் செய்தனான் எண்டு சொன்னால் அது அரைவாசிதான். எனக்குக் கோவமும் வந்தது. ஆறு மாசமா அரைச்சு அரைச்சு, கரண்டி கரண்டியா நான் பிடிச்சு வைச்சிருக்கிற உயிர் இது. அதை என்ரை கையாலையே விடச் சொல்லிச் சபை கூட்டி வைச்சிருக்கினம்.

கஸ்பாரே இடக்கையைத் தூக்கிப் பிளேட்டைத் தொட்டுக் காட்டினார். வாயைத் திறந்தார். குழந்தைப்பிள்ளை மாதிரி, முழுசா.

நான் பிளேட்டை அங்காலை தள்ளினன். பைக்குள்ளை இருந்து பிளாஸ்க்கை எடுத்தன். துவாயை அவற்றை கழுத்திலை, அந்தக் கறுப்புச் சூட்டுக்கு மேலை கட்டினன். கூழை மூடியிலை ஊத்திக் கரண்டியாலை கலக்கி, திறந்த வாய்க்குள்ளை வைச்சன்.

அவர் வாயை மூடவும் இல்லை, துப்பவும் இல்லை. விழுங்கினார். நான் அடுத்த கரண்டி வைச்சன். அதையும் விழுங்கினார். என்னையே பாத்துக்கொண்டு, கண்ணாலை தண்ணி வழிய, தன்ரை கூட்டாளிமாருக்கு முன்னாலை அந்த மஞ்சள் கூழை முடிக்கும் மட்டும் சாப்பிட்டார். தோத்தோ வந்து இறைச்சிப் பிளேட்டை இன்னொரு பிளேட்டாலை மூடித் தூக்கிக்கொண்டு போனார். சால்வோ எழும்பி வெளியிலை போயிட்டார். நான் நிமிந்துதான் இருந்தனான். வீட்டை வந்து கிளறாவுக்கு அடிச்சு, "ஆளைக் காப்பாத்திப்போட்டனடி" எண்டு புழுகத்தோட சொன்னனான்.

திங்கட்கிழமை காலமை கஸ்பாரே வாய் திறக்கேல்லை.

பசியில்லையாக்கும் எண்டு விட்டன். மத்தியானமும் இல்லை. பின்னேரமும் இல்லை. கரண்டியை உதட்டிலை வைச்சால் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறார். தலையைத் திருப்பக்கூட இல்லை, சும்மா மூடிக்கொண்டு இருக்கிறார். கொப்பியைக் குடுத்தால் பேனையைப் பிடிக்கிறார் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் கண்ணாடிக்கார டொக்டர் மனிசி வந்தா. மூக்காலை குழாய் போடுவமோ எண்டு சால்வோ கேட்டார். "ஏலாது, வெள்ளிக்கிழமைப் பேப்பரிலையே குழாய் வேண்டாம் எண்டு கையெழுத்து வைச்சிட்டார்" எண்டா அவ. கையைப் பிடிச்சு நாடி பாத்தா, என்னை ஒரு பார்வை பாத்தா, போயிட்டா.

எனக்கு அந்தரம் தாங்கேல்லை. புதன்கிழமை அந்த முத்திரைப் பேப்பரைப் படம் பிடிச்சுக் கிளறாவின்ரை மகள் மொனிகாவுக்கு அனுப்பினன். இஞ்சை பிறந்து இஞ்சை படிக்கிற பிள்ளை. பத்து நிமிசத்திலை அடிச்சாள்.

"அன்ரி, இதிலை உங்களுக்குக் கூடாதது ஒண்டுமே இல்லை. உங்களைப் பாதுகாக்கத்தான் எழுதியிருக்கு. என்ன நடந்தாலும் அகஸ்ரீனாவிலை ஒருத்தரும் குற்றம் பிடிக்கக் கூடாது, நான்தான் கேட்டனான், அவ கடைசிமட்டும் இந்த வீட்டிலை எனக்குப் பிள்ளை மாதிரி இருந்தவ எண்டு. நாலு இடத்திலை நாலு விதமாக் கஸ்பாரே ஐயா சொல்லியிருக்கிறார்."

நான் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு குசினி நிலத்திலை இருந்திட்டன். எனக்கென்ன வியாதி? வாசிச்சுச் சொல்லச் சொல்லி ஒருத்தரை அண்டைக்கே கேட்டிருக்கலாமே, விசரி!

வியாழக்கிழமை காலமை தோத்தோ கடைக்கு ஓடினன். என்னைக் கண்ட உடனை மேசையிலை இருந்த கிழவங்கள் முகத்தைத் திருப்பினாங்கள். "தோத்தோ, இறைச்சி வேணும்" எண்டன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போறணை எண்டார். "அவர் மூண்டு நாளா வாய் திறக்கேல்லை" எண்டன். தோத்தோ ஏப்ரனைக் கழட்டி வைச்சிட்டு இறைச்சிக்கடைப் பக்கம் நடந்தார். அந்த வியாழக்கிழமை சீசா முழுக்க ஞாயிற்றுக்கிழமை மணம்.

நாலு மணிக்கு மூடின பிளேட்டைத் துவாயாலை சுத்திக்கொண்டு படியேறினன். லிப்ட் வருமட்டும் நிக்கப் பொறுமை இல்லை. சால்வோ தகப்பனைத் தலகணி வைச்சு நிமித்தி இருத்தினார். நான் பக்கத்திலை இருந்து கரண்டியை எறிஞ்சுபோட்டு, கையாலை பிச்சு எடுத்தன். சின்னத் துண்டில்லை, அவர் கேட்டமாதிரி நல்ல துண்டு. உதட்டடிக்குக் கொண்டு போனன்.

அவர் மணந்தார். மூக்கு விரிஞ்சுது. கண்ணைத் திறந்து இறைச்சியைப் பாத்தார், என்னைப் பாத்தார்.

"ஆ காட்டுங்கோ, கஸ்பாரே," எண்டன். "நான் பிழை விட்டிட்டன். ஒருக்கா ஆ காட்டுங்கோ, என்ரை ஐயா." தமிழிலைதான் கெஞ்சினன். வேறை பாசை வாயிலை வரேல்லை.

வாய் திறக்கேல்லை. இடக்கை மெல்ல எழும்பிச்சுது. என்ரை மணிக்கட்டைப் பிடிச்சார். அந்தக் கையிலை ஒரு பலமும் இல்லை, நான் உதறியிருக்கலாம். பிடிச்சு, என்ரை கையை என்ரை வாய்ப் பக்கமாத் திருப்பிவிட்டார். திருப்பிவிட்டுப் பாத்துக்கொண்டிருந்தார்.

நான் சாப்பிட்டன். அழுது அழுது சாப்பிட்டன். நான் விழுங்கு மட்டும் பாத்துக்கொண்டிருந்து, பேந்து கண்ணை மூடினார்.

அந்த இறைச்சிக்குப் பல்லே தேவைப்படேல்லை. நாக்கிலை வைச்ச உடனை கரைஞ்சு போச்சு.